புதுவாயலில் பஸ் நிற்காத காலை

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஒரு மின்விசிறிக் கம்பெனியின் போக்குவரத்து மேசையில் பதினோரு வருடமாக உட்கார்ந்திருக்கிறேன். எந்த பஸ் எந்த நிறுத்தத்தில் யாரை ஏற்ற வேண்டும் என்று பார்ப்பதுதான் வேலை. டிரைவர்களோடு போனில் கத்திக் கத்தியே என் குரல் கட்டையாகிவிட்டது என்று வீட்டில் கேலி செய்வார்கள்.

சென்ற வருடம் இந்த வேலையில் பாதியை ஏஐ ஏஜென்டிடம் கொடுப்பதென்று முடிவானது. எங்கள் மென்பொருளில் நிறுத்தத்தைச் சேர்க்க, தவிர்க்க, டிரைவருக்குச் செய்தி அனுப்ப என்று தனித்தனிக் கருவிகள் உண்டு. அவற்றை ஏஜென்ட் தானே எடுத்துப் பயன்படுத்தும். ஆனால் எது எதற்கு, எப்போது என்று யாராவது எழுதித் தர வேண்டும். அந்த யாராவது நான்தான். சென்னையிலிருந்து வந்த மென்பொருள்காரர் சொன்னார்: "இன்னிக்குத்தான் வேலைக்குச் சேர்ந்த ஒருத்தருக்கு எழுதறதா நினைச்சுக்கோங்க மேடம். அவர் உங்களைக் கூப்பிட்டுச் சந்தேகம் கேட்க மாட்டார். எழுதினதை அப்படியே செய்வார்."

நான் பள்ளியில் கட்டுரைப் போட்டிகளில் பரிசு வாங்கியவள். அந்தத் திமிர் இன்னும் போகவில்லை. கருவிக்கு ஒரு வரி, நறுக்கென்று எழுதினேன். நிறுத்தத்தைத் தவிர்க்கிற கருவிக்கு எழுதியது இது: "முன்பதிவு எதுவும் இல்லாத நிறுத்தத்துக்கு இதைப் பயன்படுத்தவும்." எழுதிவிட்டு என்னை நானே மெச்சிக்கொண்டேன். மென்பொருள்காரரும் தெளிவாக இருக்கிறது என்றார்.

புதுவாயலில் முதல் ஷிப்டுக்கு ஐந்து பெண்கள் ஏறுவார்கள். முன்பதிவுக்கு ஓர் ஆப் உண்டு. அது ஓடுகிற போன் ஓர் அக்காவிடம்தான் இருந்தது, மற்ற நால்வரிடமும் பட்டன் போன். அந்த அக்கா ஒரு சீட் போட்டால் ஐந்து பேரும் வருகிறார்கள் என்று அர்த்தம். எங்கேயும் எழுதிவைக்காத ஏற்பாடு. எனக்குத் தெரியும், டிரைவருக்குத் தெரியும். அக்கா பதிவு போடாத நாட்களில் நானே டிரைவரைக் கூப்பிட்டு, "பொண்ணுங்க நிப்பாங்க, சர்வீஸ் ரோட்ல இறங்கிப் பாத்துட்டுப் போங்கண்ணா" என்று சொல்லிவிடுவேன்.

ஏஜென்ட் வந்தபின் காலை முன்பதிவை நான் பார்ப்பதில்லை. இரண்டு மாதம் ஒழுங்காக ஓடியது. ஒரு நாள் அந்த அக்கா சொந்தக்காரர் வீட்டுக் காதுகுத்துக்கு லீவு போட்டார். புதுவாயலில் முன்பதிவு பூஜ்யம். ஏஜென்ட் நான் எழுதியபடியே செய்தது. பஸ் சர்வீஸ் ரோட்டில் இறங்காமல் நெடுஞ்சாலையிலேயே நேராகப் போய்விட்டது. மீதி நான்கு பேரும் ஷேர் ஆட்டோவுக்குக் காத்திருந்து, பிடித்து, வந்து சேர்வதற்குள் அரை மணிக்கு மேல் தாமதம். அதற்குப் பிறகு கேட் திறக்காது, அன்றைக்கு ஆப்சென்ட்.

மூன்று பேர் பழைய ஆட்கள், ஒரு நாள் போனதோடு சரி. நான்காவது பெண் பயிற்சியில் இருந்தாள். பயிற்சிக் காலத்தில் சொல்லாமல் ஒரு நாள் வராவிட்டாலும் முதலிலிருந்து தொடங்க வேண்டும் என்பது கம்பெனி விதி. வேலை நிரந்தரமாக அவளுக்கு இன்னும் ஒன்பது நாள்தான் பாக்கி இருந்தது.

கேட்டுக்கு வெளியே அவள் அழக்கூட இல்லை. "அக்கா, நாங்க அஞ்சு மணிலேர்ந்து அங்கயேதான் நின்னுக்கினு இருந்தோம். பஸ்ஸு மேலயே போவுது. கையக் காட்டிக் கத்தறோம், நிக்கவே இல்ல" என்றாள்.

நேராகப் போய் டிரைவர் மேல் பாய்ந்தேன். "ஏண்ணா, கண்ணு இல்லையா உங்களுக்கு?"

அவர் போனை எடுத்துக் காட்டினார். "இன்னாம்மா நீ, புதுவாயல் கேன்சல்னு உன் நம்பர்லேர்ந்துதான வந்துக்கீது? நீ சொன்னா கரெக்டாத்தான் இருக்கும்னு நேரா வந்துட்டேன்."

ஏஜென்டின் செய்திகள் என் மேசை எண்ணிலிருந்துதான் போகின்றன. அந்த மனிதர் இரண்டு மாதமாக அதை நான் என்றே நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார்.

அன்று மதியம் என் வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். அதில் பொய் ஒன்றும் இல்லை. பூஜ்யம் என்று காட்டினாலும் அங்கே ஆள் நிற்கலாம் என்பதைத்தான் எழுதவில்லை. மறந்துவிட்டேன் என்றுகூடச் சொல்ல முடியாது. அது எழுத வேண்டிய விஷயம் என்றே எனக்குத் தோன்றியதில்லை. வீட்டுக்கு வந்த விருந்தாளிக்குப் படுக்கை போட்டுக் கொடுத்துவிட்டு, எந்த சுவிட்ச் எந்த விளக்குக்கு என்று சொல்லாமல் விட்டுவிடுவோமே, அப்படி.

ஹெச்.ஆர். மேனேஜரிடம் போனேன். "சிஸ்டம் முடிவு பண்ணினதுக்கு நாம என்னம்மா பண்ண முடியும்?" என்றார்.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "சிஸ்டம் நான் எழுதினதைத்தான் சார் படிச்சுது. அரைகுறையா எழுதினது நான்."

"அப்போ அதை எழுத்துல குடுங்க."

கொடுத்தால் என் கோப்பில் ஏறிவிடும் என்று இருவருக்குமே தெரியும். அரைப் பக்கம் எழுதிக் கொடுத்தேன். பதினோரு வருடத்தில் முதல் முறை. பயமாகத்தான் இருந்தது. மூன்றாம் நாள் நான்கு பேருக்கும் ஆப்சென்ட் நீங்கியது. அந்தப் பெண்ணின் ஒன்பது நாள் கணக்கு தப்பியது.

பிறகு எல்லாக் கருவிகளுக்கும் மறுபடி எழுதினேன். இந்த முறை மென்பொருள்காரரிடம் கொடுக்கும் முன், விடியற்காலையில் புதுவாயலுக்குப் போய்ப் பெண்களோடு பஸ் ஏறினேன். எழுதியதைப் படித்துக் காட்டினேன். "முன்பதிவு இல்லாத நிறுத்தத்திலும் ஆட்கள் நிற்கலாம். ஒருவர் பதிவு பலருக்காக இருக்கலாம். தவிர்ப்பதற்கு முன் போக்குவரத்து மேசையிடம் கேட்கவும். பதில் வராவிட்டால் தவிர்க்க வேண்டாம், பஸ் நின்றே போகட்டும்."

"மழ பேஞ்சா நாங்க ரோட்டாண்ட நிக்க மாட்டோம், டீக்கடைக்குள்ள இருப்போம். அதயும் போடுக்கா" என்றார் ஆப் வைத்திருந்த அக்கா. போட்டேன்.

பயிற்சிப் பெண் தாளை வாங்கி மெதுவாகப் படித்தாள். "எப்ப செய்யணும், எப்ப செய்யக் கூடாது, தெரிலன்னா யாரக் கேக்கணும்... அல்லாம் எழுதிக்கிறீங்களேக்கா."

"அதுக்குப் புரியணும் இல்ல?" என்றேன், கொஞ்சம் பெருமையாகவே.

"பஸ்ஸு வரலன்னா யாரக் கேக்கறதுன்னு எங்களுக்கு ஒண்ணுமே எழுதித் தரலியேக்கா. என் கைலயும் போன் இருந்துச்சு. அன்னிக்கு உங்க நம்பரு தெரிஞ்சிருந்தா ஒரு போன் போட்டிருப்பேன்ல?"

பஸ் கவரைப்பேட்டையைத் தாண்டியது. பையிலிருந்து பேனாவை எடுத்து, அந்தத் தாளின் பின்பக்கத்தில் என் எண்ணை எழுதி அவளிடமே கொடுத்தேன்.