ஒரு சாமான், மூன்று பெயர்

தாம்பரத்தை ஒட்டிய ஒரு ராணுவ உதிரிபாகக் கிடங்கில் நான் கிளார்க். அலமாரிகளில் தொங்கிய இருப்பு அட்டைகளை எல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றச் சொன்ன வருஷம் அது. கிடங்கைப் பார்த்துக்கொண்டவள் பம்மலிலிருந்து வருகிறவள், என் வயதுதான். அட்டையில் இருந்ததை ஓர் எழுத்து விடாமல் அடித்து முடித்தேன். பெருமையாகத்தான் இருந்தது.

ஒரு நாள் காலை, ஒர்க்‌ஷாப்பில் தண்ணீர் லாரி ஒன்று நின்றுவிட்டது. பம்புக்கு ரப்பர் சீல் வேண்டும். சீல் என்று தேடினேன். இருப்பு பூஜ்யம் என்று வந்தது. புதிதாக வாங்கக் கடிதம் எழுத ஆரம்பித்தேன். அவள் எட்டிப் பார்த்தாள்.

"இன்னா, இல்லேன்னு எழுதிக்கினு கீற? மூணாவது ஷெட்ல பொட்டி நிறைய கீதே."

"கம்ப்யூட்டர்ல இல்லியே."

"வளையம்னு போட்டுப் பாரு."

போட்டேன். வந்தது. இன்னொரு அட்டையில் அதையே வாஷர் என்று எழுதி வைத்திருந்தார்கள். லாரி மதியத்துக்குள் கிளம்பிவிட்டது. இதுபோல் இன்னும் எத்தனையை இல்லை என்று சொல்லியிருப்பேன்?

நானே போய் அதிகாரியிடம் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். அவரோ, பம்மல்காரியையும், மேடவாக்கத்திலிருந்து புரோகிராம் எழுத வந்துகொண்டிருந்த பெண்ணையும் அழைத்து, அந்தப் பெண்ணிடம், "இவங்க ரெண்டு பேரையும் கேட்டுக்கிட்டு மாத்துங்க" என்றார். ஒவ்வொரு சாமானுக்கும் ஒரே எண். அதன் கீழே மெக்கானிக்குகள் சொல்லும் பெயர்கள் அத்தனையும். எதைத் தட்டினாலும் அந்த எண்தான் வரவேண்டும்.

அந்த மழைக்காலம் முழுக்க நானும் பம்மல்காரியும் தள்ளுவண்டியில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு ஷெட் ஷெட்டாக நடந்தோம். தகரக் கூரையில் மழை கொட்டும்போது அவள் கத்திச் சொல்வாள். நான் திரும்பக் கத்திக் கேட்டு அடிப்பேன். கிரீஸ் வாசனைக்கு நடுவே மரப்பெட்டிமேல் உட்கார்ந்து, அவளுடைய கருவாட்டுக் குழம்பை என் தயிர்சாதத்தோடு சாப்பிடுவோம். ராணுவப் பட்டியலில் 'குண்டு நட்டு' என்று ஒரு பெயர் ஏறியபோது விழுந்து விழுந்து சிரித்தோம். வேலை இப்படி இனிக்கும் என்று அதற்குமுன் எனக்குத் தெரியாது.

இருப்பதையே மறுபடி வாங்குவது அதன்பின் குறைந்தது. அவள் வேறு கிடங்குக்கு மாறிப் போனாள். இப்போது எல்லாம் திரையிலேயே தெரிந்துவிடுகிறது. நான் ஷெட்டுக்குள் கால் வைத்தே பல மாதம் ஆகிறது.

போன வாரம் தாம்பரம் பஸ் நிலையத்தில் அவளைப் பார்த்தேன். கையைப் பிடித்துக்கொண்டு, என் பிள்ளைகளை விசாரிப்பதற்கு முன்னால் கேட்டாள்: "நம்ம கம்ப்யூட்டர் நல்லா கீதா?"

"நல்லா கீது," என்றேன்.

என் வாயில் அந்தப் பேச்சைக் கேட்டு அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அதற்குள் பம்மல் பஸ் வந்துவிட்டது. அது திரும்பி மறையும்வரை அங்கேயே நின்றுகொண்டிருந்தேன்.