போனைப் பிள்ளையிடம் கொடுங்கள்

அந்தக் கல்லூரியின் சேர்க்கைப் பிரிவில், தொலைபேசிக்குப் பக்கத்து நாற்காலியில் அமரும் அம்மாளை அலுவலகத்தில் யாரும் பெயர் சொல்லி அழைப்பதில்லை. ‘குடுங்கக்கா’ என்றுதான் அழைப்பார்கள். முதல்வரே ஒருமுறை கூட்டத்தின் நடுவில் வாய்தவறி அப்படி அழைத்துவிட்டு, இருமிச் சமாளித்தார்.

பட்டப்பெயர் வந்த வழி எளியது. மறுமுனையில் தாயோ தந்தையோ பேசினால், அம்மாள் முதலில் கேட்பது ஒன்றே ஒன்று: “படிக்கப்போறது நீங்களா?” இல்லை என்று பதில் வரும். “அப்போ பிள்ளைகிட்ட குடுங்க” என்பார். பிள்ளை குளிக்கிறான், தூங்குகிறாள், கூச்சப்படுகிறான் என்று சாக்குகள் வரிசையாக வரும். அம்மாள் எதற்கும் அசைவதில்லை. பொறுமையாகக் காத்திருப்பார்.

இந்த வழக்கத்திற்கு ஒரு காரணம் உண்டு. அவர் அந்த நாற்காலிக்கு வந்த புதிதில், ஒரு தந்தை தம் மகளுக்காக விடாமல் தொலைபேசியில் அழைத்து, கட்டணம் முதல் கழிப்பறை வசதி வரை துருவித் துருவிக் கேட்டார். அம்மாளும் சலிக்காமல் சொன்னார். முதல் நாள் அந்தப் பெண் கவுண்டருக்கு வந்து, “மேடம், நான் எந்தப் பாடத்துல சேர்ந்திருக்கேன்?” என்று கேட்டாள். அன்றோடு பெற்றோருக்குப் பதில் சொல்வதை அவர் நிறுத்திக்கொண்டார்.

பிள்ளை பேச வந்துவிட்டால் அம்மாளின் குரல் இளகிவிடும். கேட்டதற்கு மட்டும் விடை சொல்லி அனுப்புகிற ஆளல்லர் அவர். “கிளாஸ் எங்க இருக்குன்னு முதல் நாள் காலையில தேடாதே. முந்தின நாளே வந்து ஒரு சுத்து சுத்திட்டுப் போயிடு. புத்தகத்தையெல்லாம் இப்பவே வாங்கிக் குவிக்காதே, எது வேணும்னு பாடம் நடத்தறவங்க சொல்லட்டும். புரியலைன்னா அன்னிக்கே கேட்டுடு. ஒரு மாசம் கழிச்சுக் கேக்கப் போனா, எது புரியலைங்கறதே புரியாது.” தனியாகச் சாப்பிட வேண்டியிருக்குமோ என்று தயங்கித் தயங்கிக் கேட்ட ஒரு பெண்ணிடம், “தனியா உக்காந்திருக்கிற இன்னொருத்தி பக்கத்துல போய் உக்காரு. அவளும் யாராவது வரமாட்டாங்களான்னுதான் பாத்துக்கிட்டிருப்பா” என்றார்.

ஊரார் பிள்ளைகளுக்கு இவ்வளவு தெளிவாகச் சொன்னவர், தம் வீட்டில் எப்படி இருந்தார் என்பதற்கு இந்த ஆண்டுதான் சோதனை வந்தது.

அவருடைய ஒரே மகன் நிலவியல் படிக்க விரும்பினான். அம்மாளின் கல்லூரியில் அந்தப் பாடம் இல்லை. மூன்று மணி நேரப் பேருந்துப் பயணத் தொலைவிலிருந்த வேறொரு கல்லூரியில் இடம் கிடைத்தது. ஆனால் விடுதி ஒதுக்கீட்டில் அவன் பெயர் வரவில்லை. வகுப்புகள் தொடங்க ஒரு வாரமே இருந்தது. இடம் ஒதுக்கப்பட்டவர்களில் வெள்ளிக்கிழமைக்குள் வந்து சேராதவர்களின் கட்டில்கள், காத்திருப்போருக்குத் தரப்படும் என்று அறிவிப்பு வந்திருந்தது. கட்டில் கிடைக்காவிட்டால் அவன் நாள்தோறும் போக மூன்று மணி, வர மூன்று மணி பேருந்திலேயே கழிக்க வேண்டும். அப்படிப் போய்வரும் பிள்ளைகள் முதல் பருவத்திலேயே சோர்ந்து படிப்பை விட்டதை அம்மாள் கண்ணால் கண்டவர். கணவருக்கோ கப்பலில் எந்திரப் பணி. அவர் அப்போது எந்தக் கடலில் இருந்தாரோ. முடிவெடுக்க வேண்டியது தாம்தான் என்று அம்மாளே முடிவெடுத்துக்கொண்டார்.

புதன்கிழமை விடுப்பு எடுத்து வீட்டில் இருந்தார். மகன் செருப்புத் தைக்கக் கொடுக்க வெளியே போயிருந்தான். அம்மாளின் அண்ணன் வந்திருந்தார். பழைய மரச்சாமான்களை ஏலம் விடும் கடையில் விலை கூவுவது அவருடைய தொழில். அம்மாள் அந்தக் கல்லூரியின் விடுதி அலுவலகத்தைத் தொலைபேசியில் அழைத்தார்.

“விடுதி ஆபீசுங்களா? என் பையனுக்கு ரூம் விஷயமா—”

“பையன் இருக்காராம்மா?” என்றது ஓர் ஆண்குரல். நிதானமான குரல்.

“வெளிய போயிருக்கான். நான் அவனோட அம்மா. என்கிட்ட சொன்னா போதும்.”

“வந்ததும் அவரையே பேசச் சொல்லுங்கம்மா. படிக்கப்போறவங்ககிட்டதான் நாங்க பேசறது.”

இணைப்பு துண்டிக்கப்பட்டது. அம்மாளுக்குக் காது மடல் வரை சிவந்தது. அண்ணன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

“ஊருக்கெல்லாம் நீ ஊத்தின கசாயம், எப்படி இருக்கு?”

“சிரிக்காதேண்ணே. வெள்ளிக்கிழமைக்குள்ள ஆகணும்.”

“அவ்ளோதானே? நான் பேசறேன், பையன் மாதிரி.”

“உன் குரலா? மூணு தெரு தாண்டிக் கேக்குமே!”

“ஏத்தத் தெரிஞ்சவனுக்கு இறக்கத் தெரியாதா? சும்மா இரு நீ.”

வேண்டாம் என்று அம்மாள் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. மாறாக, மகனின் பதிவு எண் இருந்த தாளை எடுத்து அண்ணன் முன் வைத்தார்.

அண்ணன் தம் கைப்பேசியிலிருந்து, அம்மாளுக்கும் கேட்கும்படி ஒலிபெருக்கியைப் போட்டு அழைத்தார். தொண்டையை நெரித்ததுபோல் ஒரு மெல்லிய குரலை வரவழைத்துக்கொண்டு, “வணக்கம் சார், நான் நிலவியல் முதல் வருஷம் சார்” என்று தொடங்கினார். பதிவு எண்ணைச் சொல்லும் இடத்தில் பழக்கம் காலை வாரிவிட்டது. “நானூத்துப் பதினேழு… நானூத்துப் பதினேழு… நானூத்துப் பதினேழு!” என்று ஒவ்வொரு முறையும் குரலை உயர்த்தி, மேசையில் ஒரு தட்டும் தட்டிவிட்டார்.

மறுமுனையில் தாள் புரட்டும் ஓசை கேட்டது.

“இந்த நம்பர்ல இருக்கிற தம்பி நேத்தே பேசிட்டாரே. காத்திருக்கிறவங்களோட அவர் பேரையும் சேத்தாச்சு. வெள்ளிக்கிழமை நேர்ல வரேன்னும் சொன்னார். நீங்க யாரு?”

அண்ணன் விழித்தார். “நான்தான் சார் அது. நேத்து… தொண்டை கட்டியிருந்தது.”

“ஒரே நாள்ல முப்பது வயசு கூடிப்போகிற அளவுக்கா?” என்றது நிதானக் குரல். “போன வருஷம் இப்படித்தான் ஒருத்தன் இன்னொருத்தர் பேர்ல பேசி, இடம் வேண்டாம்னு சொல்லி, நல்ல பையன் ஒருத்தனைத் தெருவுல நிறுத்திட்டான். உண்மையான ஆள் யாருன்னு தெரியற வரைக்கும் இந்தப் பேரை நிறுத்தி வைக்கிறேன்.”

நிறுத்தி வைப்பது என்றால் என்னவென்று அம்மாளுக்குத் தெரியும். அவருடைய அலுவலகத்திலும் அந்த வழக்கம் உண்டு. நிறுத்தி வைத்த பெயரை மறுபடியும் எடுத்துப் பார்க்க யாருக்கும் நேரம் வாய்ப்பதில்லை. கிடைக்கவிருந்த கட்டிலைத் தம் கையாலேயே தள்ளிவிட்டோம் என்று அவருக்கு உறைத்தது.

மகன் வந்ததும் ஒன்றையும் மறைக்காமல் சொன்னார். அவன் செருப்பைக் கையில் பிடித்தபடியே கேட்டுக்கொண்டு நின்றான்.

“நேத்தே பேசினியாடா? என்கிட்ட ஏன் சொல்லலை?”

“சொன்னா போனை நீ வாங்கிடுவே.”

“அப்படியெல்லாம் நான் எப்பப் பண்ணேன்?”

“ஊர்ல இருக்கிற அத்தனை பேரையும் ‘நீயே பேசு’ங்கறே. தையல்கடைல என் இடுப்பளவைக்கூட நீதானேம்மா சொல்றே? தையல்காரர் டேப்பைக் கையில வெச்சுக்கிட்டு நிக்கறார்.”

அண்ணன் சிரிப்பை அடக்க முயன்றார். மகன் அவர் பக்கம் திரும்பினான். “மாமா, நீங்க மேசையையும் தட்டினீங்களா?”

“ஒரே ஒரு தட்டுதாண்டா.”

“சரி, நானே அந்த ஆபீசுக்குப் பேசி விளக்கிடறேன்” என்றார் அம்மாள். இருவரும் அவரையே பார்த்தார்கள். அம்மாள் கைப்பேசியைக் கீழே வைத்தார்.

மகன் தன் கைப்பேசியை எடுத்துக்கொண்டு சன்னலோரம் போய் நின்றான். அவன் சரளமாகப் பேசுகிற பிள்ளையல்லன்.

“சார், நேத்து பேசினேனே, நானூத்துப் பதினேழு… இல்ல சார், அது எங்க மாமா… இல்ல சார், ஏமாத்தறவர் இல்ல, அவசரக்காரர்.” அண்ணன் முகத்தைத் திருப்பிக்கொண்டார். “நேத்து என்ன கேட்டேன்னா… லேப்லேர்ந்து லேட்டா வந்தா சாப்பாடு எடுத்து வைப்பாங்களான்னு கேட்டேன். நீங்க, ‘கட்டிலே கிடைக்கலை, அதுக்குள்ள சாப்பாடா’ன்னீங்க.”

மறுமுனையில் சிரிப்பது அறை முழுக்கக் கேட்டது. பிறகு வேறேதோ கேட்டார்கள். மகன் விழித்தான்.

“என்னோட ரத்த வகையா?”

அம்மாளுக்கு அது மனப்பாடம். வாயசைத்தார். விரலால் காற்றில் எழுதிக் காட்டினார். அவன் பார்த்தான். பார்த்துவிட்டுச் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

“தெரியலை சார். சோதிச்சுப் பாத்து வெள்ளிக்கிழமை கொண்டுவரேன்.”

அவ்வளவுதான். தெரியாததைத் தெரியாது என்று சொன்னதற்காக யாரும் அவனை அதட்டவில்லை. பெயர் மறுபடியும் காத்திருப்போர் வரிசையில் சேர்ந்தது. ஆனால் கட்டில் உறுதி என்று யாரும் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை வந்து நிற்க வேண்டும், இருந்தால் உண்டு. ஆளைப் பார்த்து உறுதி செய்ய வேண்டும், ஆகவே துணைக்கு யாரும் வேண்டாம் என்றும் சொல்லிவிட்டார்களாம்.

வெள்ளிக்கிழமை முதல் பேருந்தில் அவன் தனியாகப் போனான். அம்மாள் வேலைக்கு வந்தார். அன்று அவர் பேசியது குறைவு. பக்கத்து மேசைக்காரி, “என்னக்கா, உடம்பு சரியில்லையா?” என்று கேட்டதற்கு, “உடம்பு இங்கதான் இருக்கு” என்று மட்டும் சொன்னார். தம் கைப்பேசியைக் கைப்பைக்குள் போட்டு, அந்தப் பையை அலமாரியில் வைத்து மூடினார். சற்று நேரத்தில் எழுந்து போய் அலமாரியைத் திறந்து வைத்துவிட்டு வந்தார்.

நண்பகலில் கைப்பேசி ஒலித்தது.

“அம்மா, கிடைச்சிடுச்சு. மூணு பேர் ரூம். தண்ணித் தொட்டிக்குப் பக்கத்துல. ராத்திரி சத்தம் வருமாம், பரவாயில்லைன்னு சொல்லிட்டேன். பின்னால நிறைய பேர் நிக்கறாங்க, வெச்சுடறேன்.”

அம்மாள் “சரிப்பா” என்று சொல்வதற்குள் வைத்துவிட்டான்.

மாலையில் அண்ணன் பொறுக்கமாட்டாமல் அலுவலகத்திற்கே வந்துவிட்டார்.

“எத்தனாவது மாடி?”

“கேக்கலை.”

“கூட இருக்கிற பசங்க எப்படியாம்?”

“தெரியாது.”

“ஃபேனாவது ஓடுதாமா? என்னதாண்டி கேட்டே நீ?”

“அவன் சொன்னதைக் கேட்டேன்.”

அண்ணன் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். “அந்த ஆபீஸ் நம்பர் என் போன்ல அப்படியே இருக்கு. அன்னிக்கு நடந்ததுக்கு மன்னிப்புக் கேக்கிற சாக்குல கூப்பிட்டு, நைசா அந்தத் தண்ணித் தொட்டி விஷயத்தை—”

அம்மாள் கையை நீட்டினார். அண்ணன் தம் கைப்பேசியை எடுத்து அந்தக் கையில் வைத்தார். அம்மாள் மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, அந்த எண்ணைத் தேடிப் பிடித்து அழித்துவிட்டுத் திருப்பித் தந்தார். பிறகு அலமாரியிலிருந்து தம் கைப்பேசியை எடுத்தார். அதே எண் அதிலும் இருந்தது. அதைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

“உன்னுதுலயாவது இருக்கட்டுமேடி” என்றார் அண்ணன்.

“உனக்கு ஒரு நியாயம், எனக்கு ஒரு நியாயமா?” என்று சொல்லி, அதையும் அழித்தார்.