சூடு என்று சொல்லிவிட்டார்கள்

இரண்டாவது கீமோ முடிந்த வாரம், பல் துலக்கும்போது பிரஷ் பட்ட இடமெல்லாம் எரிந்தது. அப்புறம் இட்லி எரிந்தது. கடைசியில் எச்சில் விழுங்குவதே தண்டனையாகிவிட்டது.

பெங்களூரு ஜோகுபாளையத்தில் எங்கள் வீட்டில் வாய்ப்புண்ணுக்கு ஒரே காரணம்தான்: உடம்புச் சூடு. கணவர் இளநீர் வாங்கி வந்தார். அவருடைய அக்கா தொம்மலூரிலிருந்து மணத்தக்காளிக் கீரைக் கூட்டோடு வந்து, மாசிக்காயை இழைத்து என் நாக்கில் தடவினார். உயிர் போய் உயிர் வந்தது. பெருங்குடல் புற்றுநோய்க்கு மருந்து ஏற்றிக்கொள்பவளுக்குப் பள்ளிக்கூடப் பிள்ளைக்குப் பார்க்கும் வைத்தியம். அன்புதான், தெரியும். அதற்காக எரிச்சல் குறைந்துவிடுமா?

மூன்றாவது கீமோவுக்குப் போனோம். நர்ஸ் வழக்கமான கேள்விகளைக் கேட்டார். பேசினால் உதடு வெடிக்கும் என்பதால் எனக்காகக் கணவரே பதில் சொன்னார். வாயில் தொந்தரவு உண்டா என்று கேட்டதற்கு, ஒன்றுமில்லை, கொஞ்சம் சூடு, அவ்வளவுதான் என்று கன்னடத்தில் முடித்துவிட்டார்.

"ஏனு இல்ல சிஸ்டர், ஸ்வல்ப ஹீட் அஷ்டே."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. புண் என் வாயில். மாஸ்கைக் கழற்றி நர்ஸ் முன்னால் வாயைத் திறந்தேன். அவர் ஓடிப்போய் டாக்டரை அழைத்து வந்தார்.

டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்தார். இது மியூகோசைட்டிஸ் (கீமோ மருந்தால் வாயின் உட்சவ்வு வெந்து புண்ணாவது), இந்த நிலையில் மருந்து ஏற்றினால் புண் வழியாகக் கிருமி ரத்தத்தில் கலந்து உயிருக்கே ஆபத்தாகலாம் என்றார். பிறகு கணவரிடம் திரும்பி, ஏன் சொல்லவில்லை என்று தமிழிலேயே கேட்டார்.

"சொன்னா கீமோவைத் தள்ளிப் போட்டுடுவீங்கன்னு பயம் டாக்டர்."

ஆக, சூடு என்று அவரும் நம்பவில்லை. தெரிந்தேதான் இளநீர் வெட்டிக் கொடுத்திருக்கிறார். ஆட்டோவில் வீடு வரும்வரை நான் அவர் பக்கம் திரும்பவில்லை.

கீமோ தள்ளிப்போனது. உப்பும் சமையல் சோடாவும் கலந்த நீரில் அடிக்கடி கொப்பளித்தேன். சாப்பிடும் முன் வாயை மரத்துப்போகச் செய்யும் ஜெல், ஆறிய கஞ்சி, மிருதுவான பிரஷ். கடையில் விற்கும் காரமான மவுத்வாஷைத் தொடவே கூடாது என்றார் டாக்டர். புண் ஆறியதும், அடுத்த முறை ஊசி ஏறும்போது ஐஸ் துண்டுகளை வாயில் வைத்துக்கொள்ளச் சொன்னார். குளிரில் ரத்த ஓட்டம் குறைவதால் வாய்க்குப் போகும் மருந்தும் குறையுமாம். எல்லா மருந்துக்கும் இது பொருந்தாது. உங்கள் டாக்டரைக் கேளுங்கள்.

ஐஸ் என்றதும் சளி பிடிக்கும் என்று பதறினார் கணவரின் அக்கா.

"பிடிக்கட்டும் அண்ணி" என்றேன்.

உங்களுக்காக எவ்வளவு பிரியமானவர் பேசினாலும், வாயை நீங்களே திறந்து காட்டுங்கள்.

இப்போதெல்லாம் அடுத்த கீமோ என்றைக்கு என்று காலண்டரைப் பார்ப்பதில்லை. விழித்ததும் நாக்கால் வாயைச் சுற்றித் துழாவுகிறேன். எங்கும் எரியவில்லை என்றால் அந்த நாள் என்னுடையது. புண் ஆறிவிட்டது. கோபம் ஆறவில்லை, அதற்கு நான் மருந்து கேட்கவும் இல்லை.