மழைப் பைக்கு உடுப்பு

ஐப்பசி மழைக்கு முன்னால் திரேஸ்புரத்திலிருந்து அந்த அம்மா என் துணிக்கடைக்கு வருவார். வெயிலில் கறுத்த, ஒல்லியான பெண். வெள்ளம் வந்தால் தூக்கிக்கொண்டு ஓட வீட்டில் ஒரு பை கட்டி வைத்திருந்தார். ரேஷன் கார்டு, டார்ச், காய்ச்சல் மருந்து, பிள்ளைகள் இருவருக்கும் மாற்று உடுப்பு. பிள்ளைகள் வளர்வதால் உடுப்பை மட்டும் வருடந்தோறும் ஒரு அளவு பெரிதாக மாற்றுவார். நான் தரும் பிளாஸ்டிக் கவரை வாயால் ஊதி, காதோரம் வைத்து அமுக்கி, காற்று கசியவில்லை என்று தெரிந்த பிறகுதான் துணியை உள்ளே வைப்பார்.

ஊரே மூழ்கிய வெள்ளத்துக்கு அடுத்த வருடமும் வந்தார். மகளுக்குப் பெரிய கவுன் எடுத்தார். மகனுக்குப் பழைய அளவிலேயே சட்டை கேட்டார்.

“வளருத பையன்லா, பெருசா எடுங்கம்மா,” என்றேன். வியாபாரி புத்தி எங்கே போகும்?

“அவனை வெள்ளம் கொண்டுபோயிட்டு அண்ணாச்சி. பை அவன் கையிலதான் இருந்துச்சு. இப்ப புதுசா கட்டுதப்போ, தம்பி உடுப்பு எங்கனு பாப்பா கேக்கா. அது இல்லாம பையை மூட விடமாட்டேங்கா.”

பழைய அளவுச் சட்டையையே எடுத்துக் கொடுத்தேன். அவர் வழக்கம்போலக் கவரை ஊதிப் பார்த்தார்.

போன மழைக்கு முன்பும் வந்தார். மகளுக்கு மட்டும் எடுத்தார். கேட்கக் கூடாது என்றுதான் இருந்தேன். ஆனாலும் கண் பையன்கள் சட்டைப் பக்கம் போய்விட்டது.

“அவனுக்கு அன்னைக்கு எடுத்ததே போதும் அண்ணாச்சி,” என்றார்.

அன்று கவரை நானே ஊதி, காதோரம் வைத்துப் பார்த்துக் கொடுத்தேன். அவர் வாங்கி, இன்னொரு முறை ஊதினார்.