பண்ணை ஒளிந்த பகல்

எங்கள் அப்பாவைக் காட்டிக்கொடுப்பதற்கென்றே ஒரு டிராயிங் டீச்சர் திருவாரூர்ப் பக்கத்திலிருந்து ஓவியம் வரைந்து எடுத்து வந்திருக்கிறார் என்று, ஒரு நாள் காலையிலிருந்து மதியப் பந்தி வரை நான் உறுதியாக நம்பினேன். அப்பா காலமாகிப் பல வருடம் ஆகிவிட்டது என்பதோ, அந்த டீச்சருக்கு என் பெயர்கூடத் தெரியாது என்பதோ என் நம்பிக்கையைக் கொஞ்சமும் அசைக்கவில்லை. பயம் வந்துவிட்டால் என் மூளை லீவு எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்விடும். அது பிறவி வியாதி.

நடந்து பத்துப் பன்னிரண்டு வருடம் இருக்கும். தை மாதம், அறுவடை ஓய்ந்திருந்த நேரம். டெல்டா முடிந்து கடல் தொடங்கும் இடத்தில், பழைய துரை பங்களா ஒன்றைப் புதுப்பித்து ஆடம்பர விடுதியாக்கியிருந்தார்கள். அலைச் சத்தத்துக்கும் சேர்த்து பில் போடுகிற மாதிரியான இடம். நான் அங்கே சாப்பாட்டையும் விழாக்களையும் பார்த்துக்கொள்ளும் மேனேஜர். மன்னார்குடிப் பக்கத்துக்காரன். ஒரு காலத்தில் நிலம் இருந்த குடும்பம். என் காலத்தில் டை இருந்தது.

அந்த விடுதியில் எனக்கு இன்னொரு உத்தியோகமும் உண்டு. கவுனி அரிசிப் பாயசம் பரிமாறும் நேரத்தில் மைக்கைப் பிடித்து விருந்தாளிகளுக்கு ஒரு கதை சொல்ல வேண்டும். கூலித் தகராறும் நிலத் தகராறும் உச்சத்தில் இருந்த வருடங்களில், வயலுக்கு வயல் செங்கொடி நட்டிருந்த காலத்தில், எங்கள் வீட்டு வாசலுக்குப் பெரிய கூட்டம் வந்தது. அப்பா தோளில் ஒரு துண்டோடு தன்னந்தனியாக வெளியே வந்து, கைகூப்பி நின்று பேசி அனுப்பினார். இதுதான் கதை. சென்னை விருந்தாளிகள் கண் கலங்குவார்கள். வெள்ளைக்காரர்கள் பாயசத்தை இன்னொரு கிண்ணம் கேட்பார்கள். விடுதியின் முதலாளியம்மாவுக்கு அந்தக் கதை ரொம்பப் பிடிக்கும்.

நானும் அதை நிஜம் என்று நம்பித்தான் சொல்ல ஆரம்பித்தேன். அப்பாவின் காரியமெல்லாம் முடிந்த பிறகு அம்மா ஒரு நாள் சிரித்துக்கொண்டே உண்மையை அவிழ்த்துவிட்டாள். கூட்டம் வருகிறது என்றதும் அப்பா நேராகப் போய் ஏறியது கூடத்துப் பத்தாயத்தில். பத்தாயம் என்றால் ஆள் உயரத்துக்கும் மேலே, பலகை அடுக்குகளாக நிற்கும் நெல் பெட்டி. மேல்வழியாக நெல்லைக் கொட்டுவார்கள். கீழே நெல்லை எடுக்க ஒரு சின்ன வாய் இருக்கும். அப்பா விளக்கு வைக்கும் நேரம் வரை உள்ளேயே இருந்திருக்கிறார். வாசலில் கூட்டத்துக்கு முன்னால் நின்றது, என்னை வயிற்றில் சுமந்துகொண்டிருந்த அம்மா. வந்தவர்கள் கூலியைக் கூட்டித் தரச் சொல்லிக் கேட்டிருக்கிறார்கள், ஐயா இல்லை என்றதும் குடிக்கத் தண்ணீர் கேட்டிருக்கிறார்கள், போய்விட்டார்கள். அவ்வளவுதான்.

அதற்கப்புறமும் நான் பாயசத்தோடு பழைய கதையையே பரிமாறி வந்தேன். பழகின பதார்த்தத்தை மெனுவிலிருந்து எடுப்பது அத்தனை சுலபமில்லை.

அந்தத் தை மாதம் டெல்டாச் சாப்பாடும் டெல்டா ஓவியங்களும் என்று விடுதியில் பெரிய விழா வைத்தோம். நண்டு ரசம், சுறாப்புட்டு, மாப்பிள்ளைச் சம்பா சோறு எல்லாம் என் பொறுப்பு. நீளமான வராந்தாவில் ஓவியங்கள். காலையில் அந்த டீச்சர் வந்தார். நாற்பது நாற்பத்தைந்து வயதிருக்கும், அரசுப் பள்ளியில் வேலை. பழைய புடவையில் சுற்றியிருந்த படத்தைப் பிரித்து மாட்டினார். நான் ரசத்துக்கு உப்புப் பார்த்துவிட்டு அந்தப் பக்கம் போனேன்.

படத்தின் நடுவே ஒரு பத்தாயம். பித்தளைக் குமிழ்கூட எங்கள் வீட்டில் இருந்தது மாதிரியே. அதைச் சுற்றி ஒரே கூட்டம். எல்லார் கையிலும் நீளக் கழி, இடுப்பில் வரிந்து கட்டிய வேட்டி, ஒருவர் தலையில் சிவப்புத் துண்டு. பத்தாயத்தின் கீழ்வாயில் ஒரு கண். பயந்து, வெறித்துப் பார்க்கும் ஒற்றைக் கண். கீழே தலைப்பு எழுதியிருந்தது: பண்ணை ஒளிந்த பகல்.

எங்கள் பக்கத்தில் நிறைய நிலம் வைத்திருந்தவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார்கள். பண்ணை என்பார்கள். எங்கள் அப்பாவையும் அப்படித்தான் கூப்பிட்டார்கள்.

முதல் வேலையாக, வெயில் படுகிறது என்று சொல்லிப் படத்தைக் கழற்றிக் கழிப்பறைக்குப் போகும் வழியில் மாட்டச் செய்தேன். டீச்சர் அதை எடுத்து வந்து பழைய இடத்திலேயே மாட்டினார். அடுத்து ஒரு பெரிய தொட்டிச் செடியை அதன் முன்னால் தள்ளி வைத்தேன். அந்தக் கண் இலைகளுக்கு நடுவிலிருந்து இன்னும் பயங்கரமாக என்னைப் பார்த்தது. டீச்சர் செடியைத் தள்ளிவிட்டு, "என்ன சார், எம் படத்துமேல இவ்வளவு அக்கறை?" என்றார்.

"ரொம்ப நல்லாருக்கு டீச்சர். கற்பனைதானே?"

"கற்பனையா? நடந்தது சார். பத்தாயத்தச் சுத்தி நிக்கிறாங்க பாருங்க, அதுல பாதிப் பேரு மத்தியானம் சாப்பாட்டுக்கு வராங்க. வேன் வெச்சிருக்கேன்."

ஒரு வேன் நிறையச் சாட்சிகள்! நாற்பத்துச் சொச்சம் வருடம் காத்திருந்து, கும்பலாகக் கிளம்பி வந்து, நான் சமைத்த சுறாப்புட்டையும் தின்றுவிட்டு, என் மானத்தை வாங்கப் போகிறார்கள். உள்ளே இருப்பது யார் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கத் தைரியம் வரவில்லை. பதில்தான் எனக்குத் தெரியுமே!

அடுப்படியில் மாஸ்டர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "என்ன சார், மொகம் வடிச்ச கஞ்சியாட்டம் இருக்கு?"

"மாஸ்டர், இன்னைக்கிப் பாயசத்த நிறுத்திடலாமா?"

"ஏன், கெட்டுப் போச்சா?"

"பாயசம் நல்லாத்தான் இருக்கு. நான்தான் கெட்டுப் போயிட்டேன்."

மாஸ்டர் கரண்டியை வைத்துவிட்டு என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

மதியம் வேன் வந்தது. பெரியவர்கள், பெண்கள், பேண்ட் போட்ட பிள்ளைகள், லேப்டாப் பை மாட்டிய ஒரு பெண் என்று இருபது பேருக்கு மேல் இறங்கினார்கள். கையில் கழி இல்லை என்று பார்த்து உறுதி செய்துகொண்டேன். புல்வெளிப் பந்தலில் இலை போட்டோம். கடல் காற்றுக்கு இலை பறக்காமல் இருக்க ஆளுக்கொரு தண்ணீர் பாட்டிலை ஓரத்தில் வைத்தோம். விருந்தாளிகளும் வேனில் வந்தவர்களும் கலந்து உட்கார்ந்தார்கள். எல்லாம் நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்தபோது பாயசம் வந்தது. முதலாளியம்மா மலர்ந்த முகத்தோடு மைக்கை என் கையில் கொடுத்து, அந்தக் கதையைச் சொல்லுங்கள் என்றார்.

நான் தொண்டையைச் செருமினேன். அந்த நொடியில் வேனில் வந்தவர்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல்.

"பண்ணையப் பேசச் சொல்லுங்கப்பா!"

"ஆமா, பண்ணைக்கிட்ட மைக்கக் குடுங்க. ஒளிஞ்ச கதைய அவரு வாயாலயே கேப்போம்!" என்று இன்னொரு குரல். ஒரே சிரிப்பு.

மைக் ஏற்கெனவே என் கையில்தான் இருந்தது. கண்டுபிடித்துவிட்டார்கள், அப்பன் இல்லாவிட்டால் பிள்ளை. என்ன பேசினேன் என்பது முழுதாக நினைவில் இல்லை. பிறகு மாஸ்டர் வார்த்தைக்கு வார்த்தை நடித்துக் காட்டித்தான் தெரிந்துகொண்டேன்.

"ஆமாங்க. ஒளிஞ்சது நெஜந்தான். எங்க அப்பா அன்னைக்கி வாசலுக்கே வரல. பத்தாயத்துக்குள்ளதான் இருந்தாரு. நீங்க தண்ணி கேட்டப்ப எங்க அம்மாதான் குடுத்தாங்க. நான் இத்தன நாளா எல்லார்கிட்டயும் மாத்திச் சொல்லிட்டேன். இனிமே சொல்ல மாட்டேன். படத்த வெச்சு இதப் பெரிசு பண்ணாதீங்க."

முதலாளியம்மாவின் கரண்டி பாதி வழியில் நின்றது. டீச்சர் என்னைப் பார்த்தார், படம் இருந்த வராந்தாவைப் பார்த்தார், வாயைப் பொத்திக்கொண்டார்.

இலைக்கு முன்னாலிருந்து ஒரு பெரியவர் மெதுவாக எழுந்தார். எண்பதை நெருங்கிய வயது. தடித்த கண்ணாடி.

"தம்பி, நான்தான் பண்ணை. நீங்க யாரு?"

விஷயம் இதுதான். அவர் டீச்சருடைய அப்பா. காலமெல்லாம் அடுத்தவர் வயலில் வேலை செய்து, பிள்ளைகளைப் படிக்க வைத்து, பிற்பாடு சொந்தமாகக் கொஞ்சம் நிலம் வாங்கியவர். மிராசு வீடு ஒன்றை இடித்து விற்றபோது அதிலிருந்த பத்தாயத்தை ஆசைப்பட்டு வாங்கித் தன் சிறிய மாடி வீட்டுக் கூடத்தில் நிறுத்திவிட்டார். பாதிக் கூடத்தைப் பத்தாயம் அடைத்துக்கொண்டது. அன்று முதல் தெரு முழுக்க அவரை "வாங்க பண்ணை, போங்க பண்ணை" என்று கேலி செய்ய, அதுவே பெயராகிவிட்டது. ஒரு நாள் இலவசக் கண் ஆபரேஷன் முகாமுக்கு ஆள் ஏற்றிப் போக வண்டி வந்தது. ஊசிக்குப் பயந்த பண்ணை காலியாக இருந்த பத்தாயத்துக்குள் இறங்கிவிட்டார். மனிதரைக் காணோம் என்று தெருவே திரண்டது. வாய்க்காலில் விழுந்துவிட்டாரோ என்று கழிகளை எடுத்துக்கொண்டு தேடினார்கள். கடைசியில் பத்தாயத்தின் வாயிலிருந்து பீடிப் புகை வந்தது.

அவர் கழிகள் எதற்கு என்று சொல்லி முடித்தபோது வெள்ளைக்காரர்களுக்குக்கூட மொழிபெயர்க்காமலே சிரிப்பு வந்துவிட்டது. நான் மைக்கை எங்கே வைப்பது என்று தெரியாமல் பாயசக் கிண்ணத்தில் வைத்தேன்.

பெரியவர் மட்டும் சிரிக்கவில்லை. பக்கத்தில் வரச் சொல்லிக் கையைக் காட்டினார். போனேன்.

"உங்க அப்பா உள்ள ஒளிஞ்சிருந்தப்ப பத்தாயத்துல நெல்லு கெடந்துச்சா, காலியா?"

"நெல்லு இருந்துச்சு. அது மேலதான் உக்காந்திருந்தாராம்."

"அடப் பாவமே! நெல்லுச் சுணை ஒட்டி ஒடம்பெல்லாம் அரிச்சிருக்குமே!"

அம்மா சொன்னது அப்போதுதான் ஞாபகம் வந்தது. அப்பா பல நாள் உடம்பெல்லாம் சொறிந்துகொண்டு, கேட்டவர்களிடம் வேனல் கட்டி என்று சொல்லிக்கொண்டிருந்தாராம். இன்னொன்றும் உறைத்தது. நெல் கிடக்கும் பத்தாயத்தின் கீழ்வாயைத் திறந்தால் நெல்தான் கொட்டும், கண் எப்படித் தெரியும்? நெல் விளைந்த வீட்டில் பிறந்தவனுக்கு இது தெரிந்திருக்க வேண்டாமா?

"ஐயா, அந்த வருஷம் எங்க வாசலுக்கு வந்தவங்கள்ல நீங்களும் இருந்தீங்களா?" என்று கேட்டேன்.

"நாங்க ஆத்துக்கு அந்தாண்டை. எங்க பண்ணை ஒளியலை தம்பி, போலீசக் கூட்டியாந்து நிறுத்துனாரு. நாங்கதான் ஒளிஞ்சோம், கருவக்காட்டுல, ராவும் பகலுமா. அங்க மேல மூட ஒரு பலகை கெடையாது." கண்ணாடியைக் கழற்றித் துண்டில் துடைத்தார். "எங்கூட ஒளிஞ்சதுல ரெண்டு பேரு வூட்டுக்குத் திரும்பல."

கண்ணாடியை மாட்டிக்கொண்டு தொடர்ந்தார். "எம் பொண்ணுகிட்ட அதயும் வரையச் சொன்னேன். என்னால ஆவாதுப்பான்னுட்டா. இந்தக் கூத்தத்தான் வரைஞ்சா." பிறகு என் முழங்கையைத் தட்டி, "பாயசம் ஆறுது பாருங்க" என்றார்.

போகும்போது ஒன்று மட்டும் கேட்டேன். அந்தப் பத்தாயம் எந்த ஊரில் வாங்கியது, எங்கள் வீட்டுடையதாக இருக்குமோ என்று. "மிராசு தெருன்னா வூட்டுக்கொரு பத்தாயம் நிக்கும் தம்பி. யாருதுன்னு யாரு கேட்டா?" என்று சொல்லிவிட்டு வேனில் ஏறினார்.

வேலை போகவில்லை. முதலாளியம்மா, பெரியவர் ஒளிந்த இந்தப் புதுக் கதை பழையதைவிட நன்றாக இருக்கிறது, தினமும் சொல்லுங்கள் என்றார். நான் மறுத்துவிட்டேன். அது என் கதை இல்லையே.

பயந்ததற்காக எனக்கு இப்போது வெட்கமில்லை. அந்தப் பயத்துக்குள் ஒளிந்திருந்த கர்வத்தை நினைத்தால்தான் கூசுகிறது. ஒரு ஊரே நாற்பது வருடமாக வேறு வேலை இல்லாமல் எங்கள் குடும்பத்தையே நினைத்துக்கொண்டிருக்கும் என்று எப்படி எடுத்துக்கொண்டேன்? அவர்களுக்குத் துக்கம் இருந்தது, படிப்பு இருந்தது, நிலம் வாங்கிய சந்தோஷம் இருந்தது, ஊசிப் பயம் இருந்தது. அதில் எங்கேயும் நாங்கள் இல்லை.

நடந்தது இவ்வளவுதான்: ஒரு பெரியவர் கண் ஆபரேஷனுக்குப் பயந்து தன் வீட்டுப் பத்தாயத்தில் ஒளிந்தார், அதை அவர் மகள் வரைந்தார், எங்கள் அப்பா ஒளிந்தது, நான் மைக்கில் சொல்லும்வரை, அந்தப் பந்தலில் ஒருவருக்கும் தெரியாது.