கயிற்றைச் சுருட்டிய மரம்

சமையல் கேஸ் கிடைக்காமல் ஊரே வரிசையில் நின்ற வருடம் அது. இலங்கை மலையகத்தில் அப்புத்தளைக்குக் கீழே, எங்கள் தேயிலைத் தோட்டத்து ஆற்றங்கரையில் நடந்தது.

எங்கள் பக்கம் ஐப்பசி மழை கொட்டினால் ஆற்றில் மரம் அடித்துக்கொண்டு வரும். கயிற்றில் கொக்கி கட்டி வீசி, கரைக்கு இழுத்து விறகாக்குவோம். யார் கொக்கி முதலில் மாட்டுகிறதோ மரம் அவருக்கு. இதில் சண்டைக்கே இடமில்லை. ஆனாலும் நான் போடுவேன், என் வாய் அப்படி. லயத்து வரிசை வீடுகளில் எனக்கு அடுத்த வீட்டுக்காரியோடு குழாயடித் தகராறில் அப்போது பேச்சும் இல்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் மழை விட்டதுமே எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. வீட்டில் ஒரு சுள்ளி கிடையாது. விடிந்தால் பிள்ளைகளுக்கு எதை எரித்து ரொட்டி சுடுவது? கயிற்றைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். போனால், அவளும் அங்கே நிற்கிறாள்!

ஆறு செம்மண் நிறத்தில் கொந்தளித்துக்கொண்டிருந்தது. குட்டைக் கட்டைகள் எல்லாம் சுழிக்குச் சுழி குட்டிக்கரணம் அடித்தபடி வந்தன. எது எந்தப் பக்கம் திரும்பும் என்றே சொல்ல முடியாது. அப்போது நீளமான யூக்கலிப்டஸ் மரம் ஒன்று வந்தது. அது தலைகீழாகப் புரளவே இல்லை, ஓட்டத்தோடு நேராக, நல்ல பிள்ளையாக வந்தது. இரண்டு பேரும் வீசினோம். என் கொக்கிதான் மாட்டியது. "எனக்குத்தான்!" என்று கத்திக்கொண்டே, வழுக்காமல் இருக்கக் கயிற்று நுனியை மணிக்கட்டில் சுற்றி முடிச்சுப் போட்டுக்கொண்டேன்.

மரம் நேராகப் போவதை மட்டும்தான் பார்த்தேன். நேராகப் போகிறபோதே அது தன்னைத்தானே உருட்டிக்கொண்டு போனதைக் கவனிக்கவில்லை. நூல்கண்டில் நூல் ஏறுகிற மாதிரி என் கயிறு அதன்மேல் சுற்றிக்கொண்டே போனது. கயிறு குறையக் குறைய நான் சேற்றில் இழுபட்டேன். முடிச்சை அவிழ்க்கப் பார்த்தால் இன்னும் இறுகுகிறது. முழங்கால் வரை தண்ணீர், பிறகு இடுப்பு வரை தண்ணீர். ஐயோ, என் பிள்ளைகள் என்று அலறிவிட்டேன்.

"கைய நீட்டுக்கா! இழுக்காத, நீட்டு!"

அடுத்த வீட்டுக்காரிதான். தண்ணீரில் இறங்கி என் சேலையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, தேயிலைச் செடி வெட்டுகிற தன் புருஷனின் கவ்வாத்துக் கத்தியால் கயிற்றை ஒரே வெட்டாக வெட்டினாள்.

கரையில் வந்து விழுந்ததும் நான் சொன்ன முதல் வார்த்தை என்ன தெரியுமா? "அடிப்பாவி, என் மரம் போச்சே!"

அவள் கோபப்படவில்லை. மூச்சு வாங்கிக்கொண்டே, "மரம் போனா அடுத்த மழைக்கு வரும்க்கா. நீ போயிட்டா நான் குழாயடியில யாரோட சண்டை போடுறது?" என்றாள். எனக்கு அழுகை பீறிட்டுக்கொண்டு வந்தது. அன்று சாயங்காலம் அவள் பிடித்த கட்டையில் பாதியைப் பிளந்து என் வாசலில் போட்டுவிட்டுப் போனாள். ஈர விறகு, வீடெல்லாம் புகை. பிள்ளைகள் இருமிக்கொண்டே ரொட்டி தின்றார்கள்.

தேத்தண்ணி கொதிக்கும்போது நீளமான தேயிலைக் காம்பு ஒன்று அதில் உருள்வதைப் பார்த்தால் இன்றும் என் மணிக்கட்டு கூசுகிறது. மழை விட்டால் எனக்கு இன்றும் இருப்புக் கொள்வதில்லைதான். ஆனால் அடுத்த வீட்டுக் கதவைத் தட்டி, "கத்திய எடுத்துக்கிட்டு வா புள்ள" என்று கூப்பிடாமல் அதற்குப் பிறகு நான் ஒருநாளும் ஆற்றுக்கு இறங்கியதில்லை.