வாசலைப் பார்த்த நாற்காலி

அமெரிக்காவில், பிஸ்கட்டவேயில், ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டுவரும் எங்கள் ஞாயிற்றுக்கிழமை பாட்லக்குகளுக்கு ஒரு மாணவி வருவாள். ஒல்லியான உடம்பு, இரவல் வாங்கியதுபோல் தொளதொளவென்ற கோட்டு. யார் வீடானாலும் சுவரோரம், வாசலைப் பார்த்த நாற்காலியில்தான் உட்காருவாள். உள்ளே வருகிற ஒவ்வொருவரையும் கவனிப்பாள். போலீஸ் வேலைக்குப் போகிறவர்கள் படிக்கும் கிரிமினல் ஜஸ்டிஸ் படிப்பில் ஒட்டிக்கொண்ட பழக்கம்.

"ஏம்மா, சிட்டிசன் இல்லாதவங்கள இங்க போலீஸ்ல எடுப்பாங்களா?" என்று கேட்டேன்.

"எடுக்க மாட்டாங்க அங்கிள்."

"அப்புறம் எதுக்கு இதைப் படிக்கிறே?"

"பிடிச்சிருக்கு அங்கிள்."

அந்தப் பதில் எங்களுக்குப் போதவில்லை. "கம்ப்யூட்டருக்கு மாறிடும்மா, விசா கிடைச்சிடும்" என்று ஆளாளுக்குச் சொன்னோம். மாறினாள். கிடைத்தது.

பிறகு பக்கத்து ஊரான மான்மவுத் ஜங்ஷனில் ஒரு பிறந்தநாள் விழாவுக்குப் போனேன். சுவரோர நாற்காலி காலியாகத்தான் இருந்தது. அவளோ வாசலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். நான் உள்ளே வந்ததை அவள் கவனிக்கவே இல்லை.